டச்சுக்காரர் கொடுத்த சிவப்புக் கட்டம்

எங்க குப்பத்துல படகு ஏறினா வாந்தி எடுக்கிற ஒரே ஆம்பளை நான்தான். இதை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா ஊர்ல யாரைக் கேட்டாலும் என்னைப் பத்தி முதல்ல இதைத்தான் சொல்லுவாங்க. நைனா என்னை ஏரிக்குள்ள கூட்டிட்டுப் போன நாள்ல எல்லாம் வலையைக் கழுவினதைவிட என்னைக் கழுவினதுதான் அதிகம். கடைசியில வெறுத்துப் போய், "இது கரைக்குத்தான் லாயக்கு"ன்னு படிக்க அனுப்பிட்டார். படிச்சேன். பொன்னேரியில ஒரு காலேஜ் நூலகத்துல புஸ்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலை கிடைச்சுது. பஸ்ஸுலயும் எனக்குக் கொஞ்சம் தலை சுத்தும். ஜன்னலோரம் உட்கார்ந்து சமாளிச்சுக்குவேன்.

தம்பி எனக்கு நேர் எதிர். அவனைக் கரையில விட்டாதான் அவனுக்கு உடம்பு சரியில்லாமப் போகும். நைனா போனதுக்கப்புறம் அடுத்தவங்க படகுல கூலிக்குப் போயிட்டிருந்தான். நடுவுல நான்தான் பெரிய அறிவாளி மாதிரி, "மாசச் சம்பளம் வரும்டா"ன்னு மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு அனுப்பி வச்சேன். போன வேகத்துல திரும்பி வந்துட்டான். "அங்க காத்தே இல்ல ண்ணா, ஃபேன்தான் கீது"ன்னான்.

இங்கிலீஷ் தெரியும்கிற ஒரே காரணத்துக்காக, டச்சுக் கல்லறை பார்க்க வெள்ளைக்காரங்க யார் வந்தாலும் பழவேற்காட்டுல என்னைத்தான் கூப்பிடுவாங்க. கல்லறையைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வாசல்ல பலகையில எழுதி வச்சிருக்கிறதுதான். அதையே கையை ஆட்டி, நடுநடுவுல ஒரு பெருமூச்சு விட்டுச் சொன்னா வரலாறு ஆயிடும். அப்படி ஒரு தடவை வந்தவர்தான் அந்த டச்சுக்காரர். நெட்டையான ஆள், நல்ல வயசு. எல்லாரும் எலும்புக்கூடு செதுக்கின கல்லைப் பார்த்து போட்டோ எடுப்பாங்க. இவர் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவுல இருக்கிற சும்மா இடத்தைப் பார்த்துட்டு நின்னார். கேட்டா, ஓவியராம். "அப்படியா! எனக்கும் கலைன்னா உயிர்"னு சொன்னேன். அந்த உயிர் எனக்கு அப்பதான் வந்துச்சு.

ஏரியைப் பார்க்கணும்னார். தம்பி படகு எடுத்தான். பூநாரைக் கூட்டம் ஒரு பக்கம் செவசெவன்னு நின்னுச்சு. அவர் அந்தப் பக்கம் பார்த்தார், நான் இந்தப் பக்கம் குனிஞ்சிருந்தேன். வழிகாட்டியோட முதுகைத் தடவிக் கொடுத்துக்கிட்டே ஊர் சுத்திப் பார்த்த சுற்றுலாப் பயணி உலகத்துலயே அவர் ஒருத்தராத்தான் இருப்பார். தம்பி துடுப்பு போட்டுக்கிட்டே சிரிப்பை அடக்க முடியாம இருமிட்டு இருந்தான்.

மத்தியானம் எங்க வீட்டுல சாப்பாடு. என் பொண்டாட்டி நண்டுக் குழம்பு வச்சா. மனுஷன் மூக்குல தண்ணி ஊத்த ஊத்த நண்டுக் காலைக் கடிச்சு உறிஞ்சினார். கிளம்பறப்ப பைக்குள்ள கையை விட்டார். நல்ல கேமரா ஒண்ணு வச்சிருந்தார், என் கண்ணு காலையிலேருந்து அது மேலதான். கை வெளிய வந்தப்ப அதுல ஒரு அட்டைக் குழாய் இருந்துச்சு. குழாய்க்குள்ள சுருட்டின காகிதம். பிரிச்சுக் காட்டினார். "என்னுடைய வேலை. உங்களுக்கு"ன்னார்.

படம் இதுதான்: ரெண்டு பக்கமும் நீலம். நடுவுல மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு மஞ்சள் பட்டை. அந்தப் பட்டையைச் சரிபாதியில வெட்டின மாதிரி ஒரு வெள்ளைச் சந்து. சந்துக்குள்ள, கீழ்ப்பக்க மஞ்சளை ஒட்டி, தீப்பெட்டி அளவுக்கு ஒரு சிவப்புக் கட்டம். அவ்வளவுதான். மரம் இல்ல, ஆள் இல்ல, பூநாரை இல்ல. கீழ ஓரத்துல பென்சில்ல ஒரு கையெழுத்து, இன்னொரு ஓரத்துல பதினொண்ணுக்குக் கீழ கோடு போட்டு நாப்பதுன்னு ஒரு நம்பர். துணித் திரையைச் சட்டத்துல இழுத்துக் கட்டி, அது வழியா மையைத் தள்ளி, ஒவ்வொரு நிறமா அவரே கையால அடிச்சதாம். இது மாதிரி மொத்தம் நாப்பது காப்பி அடிச்சாராம், இது பதினொண்ணாவது. நான் எல்லாம் புரிஞ்ச மாதிரி தலையாட்டி, பொண்டாட்டிக்கு மொழிபெயர்த்தேன்.

அவ என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தா. "இன்னாயா, கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை அடிப்பாங்களே, அந்த ஸ்கிரீன் பிரிண்டா? அதுலயாவது பொண்ணு மாப்பிள்ளை பேரு இருக்கும்"னா. அவர் அவ சொன்னது இன்னான்னு கேட்டார். "ரொம்ப அழகா இருக்குன்னு சொல்றா"ன்னு சொல்லிட்டேன்.

அவர் போனதும் மனசுக்குள்ள ஒரே எரிச்சல். ஆனா கிடைச்சது அதுதான், அதை வச்சுத்தான் பெருமைப்படணும். பொன்னேரிக்கு எடுத்துட்டுப் போய் கண்ணாடி போட்டு, பித்தளை நிறத்துல சட்டம் அடிச்சு, ஹால்ல டிவிக்கு மேல மாட்டினேன். மேரி மாதா காலண்டரும் முருகன் படமும் தள்ளி உட்கார வேண்டியதாப் போச்சு. எங்க வீட்டுல ரெண்டும் உண்டு, பொண்டாட்டி சாமி ஒண்ணு, என் சாமி ஒண்ணு.

பிறகு ஆரம்பிச்சுது என் கலை விமர்சனம். வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் சிலிண்டர் போடறவர் உட்பட, படத்துக்கு முன்னாடி நிக்க வச்சு விளக்கம் சொன்னேன். "சும்மா கோடுன்னு நினைக்காதீங்க. இது நம்ம ஏரி. இந்தப் பக்கம் நீலம் ஏரித் தண்ணி, அந்தப் பக்கம் நீலம் கடல். நடுவுல மஞ்சள், மணல் திட்டு. இந்த வெள்ளைச் சந்துதான் முகத்துவாரம்." "அப்ப அந்தச் சிவப்பு இன்னா?"ன்னு கேப்பாங்க. எனக்கு எப்படித் தெரியும்? நூலகத்துல ஒரு ஓவியப் புஸ்தகத்தைப் புரட்டினப்ப கண்ணுல பட்ட ஒரு வரியை எடுத்து விடுவேன்: "மொத்தப் படத்துக்கும் அதுதான் முக்கியமான இடம். கண்ணு சுத்திச் சுத்தி அங்கதான் போய் நிக்கும்." கேக்கறவங்க மரியாதையா, "ஓ"ன்னுவாங்க. அந்த "ஓ"வுக்கு நான் அடிமை ஆயிட்டேன்.

அந்த வருஷம் கார்த்திகையில பேய் மழை. முகத்துவாரம் இடம் மாறித் திறந்துச்சு. பழைய வாய் தூர்ந்து போய், எங்க தெற்குக் குப்பத்துக்கும் வடக்குக் குப்பத்துக்கும் நடுவாந்தரத்துல புது வாய். கடல் தண்ணி உள்ள வந்து வெளிய போற அந்த ஓட்டத்துலதான் எறா கூட்டமா வரும். கம்பு ஊன்றி வலை நட அதைவிட நல்ல இடம் ஏரியில வேற இல்ல.

ஆனா எங்க ஏரியில நினைச்சவன் நினைச்ச இடத்துல வலை நட முடியாது. வலை நடற இடத்துக்குப் பாடுன்னு பேரு. எந்தப் பாடு எந்த ஊருக்கு, இன்னிக்கு யார் முறை, நாளைக்கு யார் முறைன்னு ஊர் கூடி, சித்திரை பொறந்ததும் சீட்டுப் போட்டு முடிவு பண்ணுவாங்க. கல்யாணம் ஆன ஆம்பளைக்குத்தான் பாட்டுல பேரு சேரும். தம்பிக்குத் தையில கல்யாணம் ஆச்சு. பாட்டுல பேரு சேர்ந்துச்சு. இனிமே அடுத்தவன் படகுல கூலி இல்ல, சொந்த முறை, சொந்த வலை. பழைய பாடு எல்லாம் தூர்ந்து போயிட்டதால, அவனும் கூட்டாளிங்களும் சேர்ந்த கூட்டத்துக்கு வலை நட அந்தப் புது வாய் ஒண்ணுதான் கதி.

புது வாய் யாருது? எங்க ஊர் எங்களுதுன்னாங்க, வடக்கு ஊர் அவங்களுதுன்னாங்க. முடிவு தெரியற வரைக்கும் ஒருத்தரும் வலை நடக் கூடாதுன்னு ரெண்டு ஊர்த் தலைவரும் நிறுத்தி வச்சுட்டாங்க. தம்பி புது வலையை வாசல்ல போட்டு, கிழியாத வலையைத் தச்சுட்டு உட்கார்ந்திருந்தான். "இந்த முறை போச்சுன்னா மீஞ்சூர்தான் ண்ணா"ன்னான். அதைச் சொன்னப்ப அவன் மூஞ்சியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரலை, ஏன்னா அந்தக் கம்பெனியைக் காட்டினதே நான்தான்.

இன்னொரு சிக்கல், என் பொண்டாட்டி வடக்குக் குப்பத்துப் பொண்ணு.

அவ தம்பி, என் மச்சான், ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்தான். சண்டை ஊருக்குத்தான், சாப்பாட்டுக்கு இல்ல. சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே படத்தைப் பார்த்தவன் கையை நிறுத்திட்டான். "மாமா, இந்த வாய் நடுவுல கீதே, இது இப்பத் தொறந்த வாய் ஆச்சே"ன்னான். நான் சந்தோஷமா, "கலைன்னா அப்படித்தான், முன்கூட்டியே சொல்லும்"னேன். என் வாயில நானே ஒரு கொழுக்கட்டையை அடைச்சிருக்கணும். சாயங்காலத்துக்குள்ள ரெண்டு ஊர்லயும் சேதி பரவிடுச்சு: டச்சுக்காரன் காலத்துலேயே இந்த இடத்துல வாய் இருந்திருக்கு, படம் போட்டு, பாட்டைச் சிவப்புல குறிச்சு, கையெழுத்தும் போட்டு வச்சிருக்கான்.

மறுநாள் எங்க வீட்டு ஹால்ல நிக்க இடம் இல்ல. எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரே கொண்டாட்டம். கையெழுத்து கீழ இருக்கு, அப்ப கீழ்ப்பக்கம் தெற்கு. சிவப்புக் கட்டம் கீழ்ப்பக்கத்தை ஒட்டி இருக்கு, அப்ப பாடு தெற்குக் குப்பத்துக்கு. ஆச்சு, தீர்ப்பு. "யோவ், அவர் உயிரோட இருக்கிற மனுஷன்யா, போன வருஷம்தான் இங்க வந்து நண்டு தின்னுட்டுப் போனார்"னு கத்தினேன். "அவங்க முப்பாட்டன் போட்டதைப் பார்த்துக் காப்பி எடுத்திருப்பார். நாப்பது காப்பின்னு நீதானே சொன்ன? காப்பின்னா ஒரிஜினல்னு ஒண்ணு இருக்கணுமா இல்லியா? அது ஹாலந்து ஆபீஸ்ல இருக்கும்"னாங்க. இதுக்கு எந்த வக்கீலாவது பதில் சொல்லட்டும் பார்ப்போம்.

வடக்கு ஊர் சும்மா இருக்குமா? அங்க தாலுகா ஆபீஸ்ல பியூனா இருந்து ரிட்டையர் ஆனவர் ஒருத்தர் இருக்கார். அவர் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு வந்து பார்த்தார். "பதினொண்ணு பை நாப்பது. சர்வே நம்பர் சரியாத்தான் போட்டிருக்கான்"னார். அப்புறம் விரலை உயர்த்தி, "ஆனா நிலப்படம்னா வடக்கு எதுன்னு அம்புக்குறி இருக்கணும். இதுல இல்ல. அம்பு இல்லாத படத்தை எப்படி வேணா திருப்பலாம்"னார். திருப்பினா சிவப்புக் கட்டம் மேல போயிடும், பாடு வடக்குக்குப் போயிடும். "கையெழுத்து தலைகீழா நிக்குமே"ன்னு எங்க ஆளு ஒருத்தர் கேட்டதுக்கு, "செக்குக்குப் பின்னாடிகூடத்தான் கையெழுத்து போடறோம்"னு என் பொண்டாட்டி அடுப்படியிலேருந்து குரல் கொடுத்தா.

அன்னிக்கு ஆரம்பிச்சுது எங்க வீட்டுக்குள்ள போர். நான் வேலைக்குப் போறப்ப படம் நேரா இருக்கும். திரும்பி வந்தா தலைகீழா இருக்கும். சட்டத்துக்குக் கீழ்ப்பக்கமும் ஒரு நூல் கட்டி வச்சிருந்தா கில்லாடி. நான் செருப்பைக்கூடக் கழட்டாமப் போய்த் திருப்புவேன். அவ குழம்புல உப்பைக் கொஞ்சம் தூக்கலாப் போடுவா. எங்க கல்யாணத்துல பெரிய சண்டைன்னு எதுவும் வந்தது கிடையாது. கடைசியில ஒரு மஞ்சள் பட்டைக்காக நாங்க முதுகைக் காட்டிப் படுத்தோம்.

தம்பிதான் யோசனை சொன்னான், வரைஞ்சவரையே கேட்டுடலாம்னு. வாட்ஸ்அப்புல படத்தை அனுப்பி, இது எந்த இடம், எது மேல்பக்கம்னு கேட்டேன். பதில் வந்தப்ப தம்பி என் பக்கத்துலதான் இருந்தான். "அது எந்த இடமும் இல்லை. நீலம், மஞ்சள், வெள்ளை, சிவப்பு. வேறு எதுவும் அதில் இல்லை. உங்களுக்குப் பிடித்த பக்கம் மேலே இருக்கட்டும். உங்கள் வயிறு இப்போது பரவாயில்லையா?"ன்னு எழுதியிருந்தார். படிச்சுச் சொன்னதும் தம்பி போனை வாங்கிக் கவுத்து வச்சான். அப்புறம் மெதுவா, "இதை நீ சொல்ல வேணாம் ண்ணா. கையெழுத்து கீழ கீதுன்னு மட்டும் சொல்லு, போதும். அது பொய் இல்லியே"ன்னான்.

பொய் இல்லதான். சரின்னு தலையாட்டிட்டேன்.

கூட்டம் மீன் ஏலக் கொட்டகையில. ஒரு பக்கம் வடக்கு, ஒரு பக்கம் தெற்கு, நடுவுல ரெண்டு தலைவருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி, ஐஸ் பெட்டி மேல படம். அதைப் பாப்பா மாதிரி துணியில சுத்தி எடுத்துட்டு வந்தவன் நான். பொம்பளைங்க தராசுக்கிட்ட நின்னாங்க. என் பொண்டாட்டி வடக்குப் பக்கமும் போகாம தெற்குப் பக்கமும் வராம, மீன் கழுவற தொட்டி மேல ஏறி உட்கார்ந்துட்டா. ஒருத்தர் சாண் வச்சு அளந்தார். இன்னொருத்தர் கயிறு போட்டு அளந்தார். நீலம் பெருசா இருக்கிற பக்கம்தான் கடல்னு ஒருத்தர், இல்ல ரெண்டும் சமம்னு இன்னொருத்தர். இத்தனை பேர் இத்தனை உன்னிப்பா அந்தப் படத்தைப் பார்த்தது தெரிஞ்சா அந்த டச்சுக்காரர் அழுதுருப்பார். எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு கிளுகிளுப்பு, நம்ம பொருளை வச்சு ஊரே பேசுதுன்னு. அந்த நேரத்துலயும் பாருங்க.

கடைசியில எங்க ஊர்த் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "நீ சொல்லுப்பா. உன்கிட்டதான் குடுத்தார். எது மேல, எது கீழ?"

எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். தம்பி தூண்ல சாஞ்சு என்னையே பார்த்துட்டு இருந்தான். "கையெழுத்து..."ன்னு வாயைத் திறந்தேன். அப்பதான் வடக்கு ஊர்த் தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இரு. பாட்டு விஷயம், வாய்ப்பேச்சு போதாது. கற்பூரம் ஏத்துங்க"ன்னார்.

இது எங்க வழக்கம். பாட்டுச் சண்டையில சாட்சி சொல்றவன், எரியற கற்பூரத்தைக் கையால அடிச்சு அணைச்சுட்டுத்தான் சொல்லணும். அப்படி அணைச்சுப் பொய் சொன்னா, அந்தப் பாட்டுல எறா ஏறாது, வலை காயும்னு நம்பிக்கை. நான் படிச்சவன், இதெல்லாம் நம்ப மாட்டேன். ஆனா ஐஸ் பெட்டி ஓரத்துல கற்பூரம் எரிய ஆரம்பிச்சதும் என் வயிறு படகுல போற மாதிரி பிரட்டிடுச்சு. தலைவர் கேட்டதும் வெறும் கையெழுத்தைப் பத்தி இல்ல. "இது நம்ம ஏரிதான், இந்தச் சிவப்பு நம்ம பாடுதான், இதுதான் மேல்பக்கம்னு சொல்லி அணை"ன்னார்.

கை சுடுமேங்கிற பயம் பாதி. மீதி, தம்பியோட புது வலை. நான் நம்பலைன்னாலும் அவன் நம்பறானே. என் பொய்ச் சத்தியத்துல ஜெயிச்ச பாட்டுல ஒரு நாள் எறா கம்மியா விழுந்தாலும், அவன் என்னைப் பத்தி இன்னா நினைப்பான்? இப்படியெல்லாம் அழகா யோசிச்சு முடிவெடுத்தேன்னு இப்ப எழுதறேன். அன்னிக்கு வாய் தானாக் கொட்டிடுச்சு.

"ஐயோ, இது ஏரியே இல்ல! இதுல ஒண்ணுமே இல்ல! நான்தான் சும்மா அளந்து விட்டேன்!"

வாட்ஸ்அப்பைப் படிச்சுக் காட்டினேன், வயிறு பத்தின வரியையும் சேர்த்தே படிச்சுத் தொலைச்சேன். பியூன் வேலை பார்த்தவர், "அப்ப சர்வே நம்பர்?"னு கேட்டார். "எத்தனையாவது காப்பின்னு போட்டது ஐயா"ன்னேன். "அந்தச் சிவப்பு?" "சிவப்பு, சிவப்புதான்." "ஏதோ முக்கியமான இடம்னியே?" "ஒரு புஸ்தகத்துல இருந்துச்சு."

தராசுக்கிட்ட நின்ன ஏலக்கார அம்மாதான் முதல்ல ஆரம்பிச்சாங்க. "அட பேமானி, ஒண்ணுமில்லாத காகிதத்துக்கா சாண் வச்சு அளந்துட்டு இருந்தோம்?"னு சொல்லிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சவங்க, தராசைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. அப்புறம் பொம்பளைங்க எல்லாரும். அப்புறம் வடக்கு, அப்புறம் தெற்கு. சாண் வச்சவரைப் பார்த்துக் கயிறு போட்டவர் சிரிச்சார். மழைக்கு அப்புறம் ரெண்டு ஊரும் சேர்ந்து பண்ணின முதல் காரியம், என்னைப் பார்த்துச் சிரிச்சதுதான். மச்சான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "மாமா, முன்கூட்டியே சொல்லும்னியே மாமா"ன்னு கேட்டான். கற்பூரம் அதுபாட்டுக்கு எரிஞ்சு அடங்கிடுச்சு.

சிரிச்ச வாயோட சண்டை போடறது கஷ்டம் போல. வடக்குத் தலைவர் எங்க தலைவர்கிட்ட குனிஞ்சு ஏதோ சொன்னார். "படத்தை எடுத்துட்டுப் போய்யா. எப்பவும் போலச் சீட்டுப் போட்டுக்கிறோம். ஒரு நாள் அவங்க, ஒரு நாள் நாங்க"ன்னு முடிச்சுட்டாங்க. சீட்டுல வடக்கு முதல் நாள் வந்துச்சு, நாங்க மறுநாள்.

சிரிக்காதவன் ஒரே ஒருத்தன். தம்பி தூணை விட்டு நகர்ந்து, என்னைத் தாண்டிப் போயிட்டான். முழுப் பாடும் அவங்க கூட்டத்துக்கு வந்திருக்கும். நான் ஒரு வாக்கியம் ஒழுங்காச் சொல்லியிருந்தா போதும், அதுவும் பாதி உண்மையான வாக்கியம். இப்ப பாதிப் பாடுதான். ராத்திரி அவன் வீட்டுப் பக்கம் போகலாம்னு செருப்பை மாட்டினேன், திரும்பக் கழட்டினேன். ரொம்ப வலிச்சுது. ஊரே கேலி பண்ணினது பெருசாத் தெரியலை. அவன் கேலி பண்ணாததுதான் தாங்க முடியலை.

படம் திரும்ப டிவிக்கு மேல ஏறுச்சு. இந்தத் தடவை என் பொண்டாட்டி பக்கவாட்டுல நூல் கட்டி, படுக்க வச்சு மாட்டினா. மஞ்சள் பட்டை இந்தச் சுவத்துக்கும் அந்தச் சுவத்துக்கும் போச்சு. "இனிமே தெற்கும் இல்ல, வடக்கும் இல்ல"ன்னா. குழம்புல உப்பு சரியாயிடுச்சு. வாசல்ல பசங்க போறப்ப, "இன்னா அங்கிள், ஏரி எப்படி கீது?"ன்னு எட்டிப் பார்த்துட்டு ஓடுவாங்க.

தம்பியோட முதல் முறை வந்த காலையில, பொன்னேரி பஸ்ஸுக்குப் போறவன் மாதிரி சட்டையை உள்ள விட்டு, சாப்பாட்டுப் பையோட படகுத்துறைப் பக்கம் போனேன். பஸ் ஸ்டாண்டு எதிர்த் திசையில இருக்குன்னு அங்க இருக்கிற நாய்க்குக்கூடத் தெரியும். ஏலக்கார அம்மா என்னைப் பார்த்துட்டு, "வா வா, படக்காரரே"ன்னாங்க. நான் காதுல வாங்காத மாதிரி தண்ணியைப் பார்த்தேன். முதல் வலை வெறுமையாக் காய்ஞ்சு வந்தா, கற்பூரத்தை அணைக்காம விட்ட என்னாலதான்னு ஊரே சொல்லும். ஊர் சொல்லலைன்னாலும் நானே சொல்லிக்குவேன்.

படகுங்க வர ஆரம்பிச்சுது. தம்பி படகு கடைசியில. கரையில நின்ன வடக்கு ஊர் ஆள் ஒருத்தர் கையை வாய்க்கிட்ட வச்சு, "எந்தப் பாட்டுலேருந்துடா வர்ற?"ன்னு கத்தினார். அந்தப் பாட்டுக்கு அதுவரைக்கும் பேரு கிடையாது. எங்க ஊர்ல பாட்டுக்குப் பேரு வைக்கிறது யாரும் உட்கார்ந்து யோசிச்சு வைக்கிறதில்ல, யார் வாயிலேருந்தாவது விழும், நின்னுடும்.

தம்பி என் பக்கம் பார்க்கலை. கோலை ஊன்றிக்கிட்டே சத்தமா, "ஒண்ணுமில்லாப் பாடு!"ன்னான்.

கரை முழுக்கச் சிரிச்சுது. எனக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு. பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, கிளம்பிடலாமான்னு திரும்பினேன். படகு மணல்ல தட்டற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அவன் குரல், இந்தத் தடவை எனக்கு மட்டும்.

"ண்ணா."

திரும்பினேன். கூடை விளிம்பு வரைக்கும் எறா, மேல இருந்ததெல்லாம் துள்ளித் துள்ளி வெளிய விழுந்துட்டு இருந்துச்சு. முட்டியளவு தண்ணியில நின்னு கூடையோட ஒரு பக்கக் காதைப் பிடிச்சுத் தூக்க முடியாமத் தூக்கிக்கிட்டு, அந்தப் படவா சிரிச்சான்.

"ஒண்ணுமே இல்லன்னியே. வந்து ஒரு கை புடி."

சாப்பாட்டுப் பையை மணல்ல போட்டுட்டு, செருப்போட தண்ணியில இறங்கினேன்.